பெயர் விடுபட்டவர்கள் மேடைக்கு வரவும்

வெண்ணாங்குடி கோதண்டம் நினைவு உயர்நிலைப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவது வழக்கம். நாடகம் நடப்பது வழக்கமில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, புதிதாக வந்து சேர்ந்த கணக்கு வாத்தியார் ஜோசப்ராஜிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவர் தலையில் நாடகம் விழுந்ததற்குக் காரணம் அவருடைய வாய்தான். மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவர். காலாண்டுத் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றபோது தன்னை மறந்து ஒரு பாட்டை முணுமுணுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்தா தலைமையாசிரியை வள்ளியம்மை ஜன்னலோரம் வர வேண்டும்? பரீட்சை ஹாலில் பாடியதற்கு மெமோ வரும் என்று ஜோசப்ராஜ் பயந்தார். மெமோவைவிட மோசமானது வந்தது.

"இந்த வருஷம் இசை நாடகத்துக்கு நீங்கதான் சார் பொறுப்பாசிரியர்" என்றார் வள்ளியம்மை.

போன வருஷப் பொறுப்பாசிரியர் இதைக் கேட்டதும் ஜோசப்ராஜின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எதையும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். துக்க வீட்டில் சொல்வதை இங்கே ஏன் சொல்கிறார் என்று ஜோசப்ராஜுக்கு விளங்கவில்லை.

அவர் நாடகத்தை நிஜம் என்று நம்பி எழுதவே உட்கார்ந்துவிட்டார். பெயர் 'கடைமடை'. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று ஊர் ஊராகக் கடந்து வருகிறது. ஒவ்வொரு மதகிலும் ஒரு பெரிய மனிதர் அதை நிறுத்தி வைத்துக்கொள்கிறார். கடைசி வயலில் ஒரு பெண் நாற்றங்காலோடு காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் தண்ணீராகவும் மீதிப் பேர் நாற்றாகவும் ஆனார்கள். கடைசி வயல் பெண்ணாக சான்ட்ரா. அந்தப் பெண் பாட ஆரம்பித்தால் புங்கமரத்தடியில் சைக்கிள் எடுக்க வந்த பிள்ளைகள் சைக்கிளை மறந்து நிற்கும். ஜோசப்ராஜுக்கு வாசிப்பது மறந்துபோகும்.

சான்ட்ராவின் அம்மா சகாயம்மாள் அதே பள்ளியில் சத்துணவு சமைப்பவர். ஒருநாள் ஒத்திகை நடக்கும்போது கரண்டியோடு வந்து தள்ளி நின்றார்.

"சார், இத்தினி வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்து விழாவை நான் காதாலதான் கேட்டிருக்கேன். மேடையில இருக்கிறவங்களுக்கு டீ போட்டு, சுண்டல் தாளிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். இந்தத் தடவ எம் பொண்ணு பாடறதை நாற்காலில உக்காந்து பாக்கணும் சார். டீயை முன்னாடியே பிளாஸ்க்குல ஊத்தி வச்சிட்டு வந்துருவேன்."

"கண்டிப்பா பாக்கறீங்கம்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் ஜோசப்ராஜ். மாதா கோயில் வாசலில் நின்றுகூட அவர் இவ்வளவு திடமாக ஒரு வாக்குக் கொடுத்ததில்லை.

பிறகு விழாக்குழு கூடியது.

குழுவில் முதலும் முடிவுமாகப் பேசப்பட்ட விஷயம் நன்றி. போன வருஷம் அழைப்பிதழில் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் பஞ்சநதத்தின் பெயர் விடுபட்டுப் போயிற்று. அவர் கோபப்படவில்லை. பழைய நிலக் கணக்கான அடங்கலைத் தேடி எடுத்து, பள்ளி மைதானத்தில் பாதி வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு மனுப் போட்டார். சர்வேயர் வந்து கபடிக் கோட்டுக்குக் குறுக்கே சங்கிலி பிடித்து அளந்தார். மாவட்டப் போட்டிக்கு நம் பிள்ளைகள் கபடி பழகாமலே போய்த் தோற்றார்கள். பஞ்சநதத்துக்கு ஒரு பொன்னாடை போர்த்தியதும் புறம்போக்கு மறுபடியும் மைதானமாகிவிட்டது.

"அதனால இந்த வருஷம் ஒருத்தர் பேரும் விடுபடக் கூடாது" என்றார் வள்ளியம்மை. "நாடகம் போன வருஷமும் நடக்கல. அதுக்கு முந்தின வருஷமும் நடக்கல. யாராவது கேட்டாங்களா? பேரு விட்டா மட்டும் ஊரே கேக்குது. அப்ப எது முக்கியம்னு நீங்களே சொல்லுங்க சார்."

ஜோசப்ராஜ் நாடகம் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

பெயர்களை அகர வரிசையில் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. தாளாளரின் பெயர் வைரக்கண்ணு. அகர வரிசையில் வாழ்நாள் முழுக்க வரிசையின் வாலில் நின்றவர் அவர். 'தமிழின் மீது எனக்கு மதிப்பு உண்டு, அதன் வரிசை மீது இல்லை' என்று சொல்லி அனுப்பினார். தலைகீழாகப் போடலாமா என்றால் 'அ'வில் தொடங்கும் நன்கொடையாளர்கள் ஒப்பவில்லை. கடைசியில் எல்லாப் பெயர்களையும் வட்டமாக அச்சடித்தார்கள். யாரும் முதலில்லை, யாரும் கடைசியில்லை. அழைப்பிதழைப் படிக்க வேண்டுமானால் அதைக் கையில் வைத்து ஸ்டியரிங் மாதிரி சுற்ற வேண்டும். நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் 'நேரமிருப்பின்: நாடகம்' என்று போட்டார்கள்.

வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் 'முன்னிலை'. ஜோசப்ராஜுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கணக்கு வாத்தியாருக்குத் தமிழில் சந்தேகம் வந்தால் அடக்கிக்கொள்வதுதான் நல்லது. அவர் கேட்டுவிட்டார்.

"மேடம், முன்னிலைன்னா எதிர்ல இருக்கிறவங்க இல்லையா? எல்லாரும் முன்னிலைன்னு மேடையில உக்காந்துட்டா, எதிர்ல யாரு இருப்பா?"

"இலக்கணம் வகுப்புல சார். இது விழா" என்றார் வள்ளியம்மை.

மறுவாரத்திலிருந்து ஒத்திகை மும்முரமாக நடந்தது. நாடகத்துக்கு அல்ல, பொன்னாடைக்கு. தாளாளர் வைரக்கண்ணுவே நேரில் வந்து சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அரிசி ஆலை இருக்கிறது. அப்பா பெயரில் பள்ளி இருக்கிறது. அதைவிட, பொன்னாடை வாங்குவதில் நல்ல பழக்கம் இருக்கிறது.

"பேரைச் சொன்ன உடனே எழுந்திரிச்சிரக் கூடாது. 'என்னையா?'ன்னு பக்கத்துல பாக்கணும். எதிர்பாக்காத மாதிரி இருக்கணும். எங்க, இன்னொரு தடவ கூப்பிடுங்க, நான் எதிர்பாக்காம இருக்கேன்."

அவர் அன்று சாயங்காலம் முழுவதும் எதிர்பாராமல் எழுந்துகொண்டே இருந்தார். தட்டு ஏந்த ஆள் வேண்டுமென்று நாற்றுகளைக் கூட்டிப் போனார்கள். பச்சை உடுப்பில் பார்க்க லட்சணமாக இருக்கிறதாம். வரவேற்பு வளைவுக்குத் தண்ணீர்களை அழைத்துப் போனார்கள். ஆறு என்று காட்டுவதற்காக ஜோசப்ராஜ் வாங்கியிருந்த நீளமான நீலத் துணி மேடை மேஜைக்கு விரிப்பாகப் போய்விட்டது. புங்கமரத்தடியில் சான்ட்ராவும் அவரும் மிஞ்சினார்கள்.

"சார், நாடகம் நடக்குமா சார்?"

"நடக்கும்."

"அம்மா புதுப் புடவை அயர்ன் பண்ணி வச்சிருக்காங்க சார்."

"நடக்கும்மா" என்று மறுபடியும் சொன்னார். வேளாங்கண்ணிக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார், பெரிய அளவில்.

விழா நாள் வந்தது. பள்ளியின் மேடையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது தாளாளர் தம் தகப்பனார் நினைவாகக் கட்டியது. நாலு குடும்பத்து நெல்லை ஒன்றாகக் கொட்டி அடிக்கிற களம் அளவுக்கு இருக்கும். தாலுகாவிலேயே பெரிய மேடை வேண்டும் என்று கட்டியதில் மைதானம் சிறுத்துப் போயிற்று.

சேக் தாவூதின் வாடகைக் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர் வந்து உட்கார்ந்தது. கடைசி வரிசையில் அயர்ன் செய்த புடவையோடு சகாயம்மாள். உட்கார்ந்தும் உட்காராமலும், யாராவது டீ கேட்டால் எழுந்து ஓடுகிற தோதில் இருந்தார். நாற்றுகள் தட்டோடு நின்றன. தண்ணீர் வளைவோரம் நின்றது.

சிறப்பு விருந்தினர் முதலில் பேசினார். அவருக்கு அவசரம்.

"நாடகம் பிரமாதம்! பிள்ளைகளோட நடிப்பைப் பாத்து எனக்கு ஒரு இடத்துல கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எந்த இடம்னு சொல்ல மாட்டேன், நீங்க பாத்துத் தெரிஞ்சுக்குங்க" என்றார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு, கும்பகோணத்தில் இன்னொரு நாடகத்துக்குக் கண் கலங்கக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்துத் தாளாளர்.

"கலையை வளர்க்கணும்னா மொதல்ல மேடையை வளர்க்கணும். நான் வளர்த்துட்டேன். கலை வரட்டும், காத்துக்கிட்டிருக்கேன். வகுப்பறை ஒழுகுதுன்னு சில பேரு சொல்றாங்க. மேடை ஒழுகுதான்னு பாருங்க. அதுக்குக் கூரையே கிடையாது! இந்தப் பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார் வேலை பல வருஷமா காலி. ஏன் காலியா வச்சிருக்கேன்? பாட்டு மேல வச்சிருக்கிற மரியாதை! கண்டவங்களை அதுல உக்கார வைக்க எனக்கு மனசு வராது."

கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேர் மேடையில் இருந்தார்கள். வட்டத்தில் பெயர் இருந்த ஒவ்வொருவரும் பேசினார்கள். பஞ்சநதம், தமக்கு முன்னால் பேசியவர்கள் தம் பெயரை விட்டுவிட்டு யார் யாரைச் சொன்னார்கள் என்பதை மட்டும் பேசினார். வெயில் இறங்கிவிட்டது. பூச்சு வியர்வையில் கரைந்து, நாற்றுகளின் கன்னத்தில் பச்சை வழிந்தது.

வள்ளியம்மை ஜோசப்ராஜின் காதோரம் வந்தார்.

"சார், நன்றியுரை நீங்க சொல்லிடுங்க. சொன்னதும் நாட்டுப்பண் போட்டுடலாம். நாடகத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"மேடம், பிள்ளைங்க..."

"பிள்ளைங்க அடுத்த வருஷமும் பிள்ளைங்கதானே சார்?"

ஜோசப்ராஜ் மைக் முன்னால் போய் நின்றார். வாசித்தார். மேடையைக் கட்டியவருக்கு நன்றி, மேடையைக் கூட்டியவருக்கு நன்றி, பூசணிக்காய் கொடுத்தவருக்கு நன்றி, உடைக்காமல் பத்திரமாக வைத்திருந்தவருக்கு நன்றி. கண் மட்டும் மேடையோரம் போயிற்று. சான்ட்ரா தலையில் முண்டாசைக் கட்டிக்கொண்டு, பாட்டை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பெண் இன்னும் நம்புகிறது.

நன்றியுரையின் கடைசி வாக்கியம் ஊரறிந்தது. 'யார் பெயரேனும் விடுபட்டிருந்தால் பெரிய மனது வைத்து மன்னிக்கவும்.' சாயங்காலம் முழுவதும் மேடையில் கேட்ட வாக்கியம் வேறு: 'மேடைக்கு வந்து சிறப்பிக்கவும்.' ஜோசப்ராஜின் நாக்கில் இரண்டும் முட்டிக்கொண்டன.

"யார் பெயரேனும் விடுபட்டிருந்தால், பெரிய மனது வைத்து மேடைக்கு வந்து சிறப்பிக்கவும்" என்றார்.

அது வாய் குளறியதா, வேண்டுமென்றே சொன்னதா என்று பின்னால் விசாரணைக் குழு கேட்டது. அவருக்கே தெரியவில்லை.

மைதானம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு வாழைக்கன்று கொடுத்த வீரையன் எழுந்தார். 'என்னையா?' என்று பக்கத்தில் பார்த்தார். எந்த ஒத்திகையும் இல்லாமல் அவருக்கு அது பிரமாதமாக வந்தது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். கையெடுத்துக் கும்பிட்டவரை எப்படி இறக்குவது? பொன்னாடை போர்த்தினார்கள். அவ்வளவுதான். பெயர் விடுபட்டவர்கள் என்றால் ஊரில் எல்லோரும்தான். வரிசை வரிசையாக எழுந்தார்கள், ஆளுக்கொரு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு.

"கீழ போடற சேருங்க இது, மேடைக்கு ஏத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிய சேக் தாவூதும் மேடையை அடைந்தார். அவர் பெயரும் விடுபட்டுத்தான் இருந்தது. பொன்னாடை தீர்ந்ததும் முதலில் போர்த்தியதை உருவி அடுத்தவருக்குப் போர்த்தினார்கள். தாளாளர் தம்முடையதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கிக்காரர் ஏறினார். கடைசியாக சகாயம்மாள், "போங்கக்கா, உங்களைத்தான் ஒரு வருஷமும் சொன்னதில்ல" என்று பெண்கள் தள்ளிவிட, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

மைதானம் காலி.

வள்ளியம்மை மேடை நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றார். "நாட்டுப்பண்! நாட்டுப்பண் போடுங்க!"

நாட்டுப்பண் போட வேண்டிய ஒலிபெருக்கிக்காரர் மேடையில் பஞ்சநதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாமும் முன்னிலை ஆகிவிட்டிருந்தார். முன்னிலை வகிப்பவர் நாட்டுப்பண் முடியாமல் மேடையிலிருந்து இறங்கக் கூடாது என்பது பள்ளியின் மரபு. அவர் இறங்கினால்தான் நாட்டுப்பண். நாட்டுப்பண் முடிந்தால்தான் அவர் இறங்கலாம். விழாக்குழு அங்கேயே அவசரமாகக் கூடி, விடை காணாமல் கலைந்தது.

ஜோசப்ராஜ் எதிரே பார்த்தார். வெறும் தரை. திரும்பிப் பார்த்தார். ஊரே மேடையில், மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அந்தக் கணத்தில் அவருக்கு வந்த சந்தோஷத்தைக் கணக்கு வாத்தியார்கள் சுலபத்தில் அனுபவிப்பதில்லை. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

"சான்ட்ரா! எல்லாரையும் கூப்பிடு! கீழ வாங்க! ஆரம்பிக்கலாம்!"

தட்டுகளைப் போட்டுவிட்டு நாற்றுகள் ஓடி வந்தன. வளைவோரம் நின்ற தண்ணீர் பாய்ந்து வந்தது. நீலத் துணி இல்லாததால் பிள்ளைகளே கையைக் கோத்து வளைந்து வளைந்து ஓடினார்கள். மேட்டூர் திறந்தது. கல்லணை வந்தது. முதல் மதகில் ஒரு பையன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீரை மறித்தபோது மேடையில் சிரிப்பு வெடித்தது. "டேய், அப்படியே நம்மூரு ஆளுடா" என்று யாரோ சொன்னார்கள். எந்த ஆள் என்று சொல்லவில்லை. தாளாளர்கூடச் சிரித்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து.

தண்ணீர் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் இரண்டு பிள்ளைகள் ஆயிற்று. அதுவும் நின்றது. நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தரையில் சாய்ந்தன. சான்ட்ரா நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். ஒத்திகையில் அவள் வெறும் வானத்தைப் பார்த்துப் பாடுவாள். இன்று நிமிர்ந்த இடத்தில் மேடை இருந்தது.

"மேல இருக்குற ஐயாமாரே, மடையைத் தொறங்க,
கீழ எங்க நாத்தங்காலு வெடிச்சுக் கெடக்குங்க,
எல்லாரும் குடிச்ச மிச்சம் இருந்தாச் சொல்லுங்க,
இல்லேன்னாலும் இல்லேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க!"

பாட்டு நின்றது. ஒரு பெண் கீழே நின்று கை நீட்டிக் கேட்கிறாள், நாம் மேலே நாற்காலியில் இருக்கிறோம். இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பது தாளாளருக்கு ரத்தத்தில் ஊறியது. எழுந்தார். மைக்கைப் பிடித்தார்.

"உங்க கோரிக்கை பரிசீலிக்கப்படும்."

"முன்னுரிமை அடிப்படையில்" என்று சேர்த்தார் பஞ்சநதம்.

"அதுக்கு ஒரு குழு அமைக்கப்படும்" என்றார் வள்ளியம்மை.

சான்ட்ரா திகைத்துப் போனாள். ஜோசப்ராஜைப் பார்த்தாள். அவர் கீபோர்டில் கை வைத்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேடையைப் பார்த்து, மரியாதையாகவே சொன்னாள்.

"ஐயா, இது நாடகம்ங்க ஐயா."

"தெரியும்மா" என்றார் தாளாளர். "நெசமா இருந்தா இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லியிருப்போமா?"

மேடையில் ஒரே கைதட்டல். தாளாளர் உட்கார்ந்தார். எதிர்பாராத மாதிரி பக்கத்தில் பார்த்துக்கொண்டார். கைதட்டல் ஓயவில்லை. கீழே சாய்ந்து கிடந்த நாற்றுகள், நாடகம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. தண்ணீர் வந்து சேரும் கடைசிப் பாட்டு இன்னும் பாக்கி. சான்ட்ரா இன்னும் கொஞ்சம் போனால் அழுதுவிடுவாள்.

சகாயம்மாள் கை தட்டவில்லை. தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். எழுந்தார்.

"எங்கம்மா போறீங்க? நாட்டுப்பண் ஆகல!" என்றார் வள்ளியம்மை.

"இங்கேருந்து பாத்தா அவ முகம் சரியாத் தெரியலங்க" என்றார் சகாயம்மாள்.

படியிறங்கினார். பிள்ளைகளைத் தாண்டிப் போய், மைதானத்தின் அந்தப் பக்கத்தில் அயர்ன் செய்த புடவையோடு வெறும் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீரையன் இறங்கினார். சேக் தாவூது நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார். அப்புறம் மதகு உடைந்தாற்போல் எல்லோரும் இறங்கினார்கள். ஒலிபெருக்கிக்காரர் இறங்கி வந்தார், ஆனால் நாட்டுப்பண் போடவில்லை. ஜோசப்ராஜின் கீபோர்டுக்கு ஒரு மைக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். ஜோசப்ராஜுக்குக் கண் மறைத்தது. தடவித் தடவிச் சுதியைப் பிடித்தார்.

"நீ பாடு தாயி" என்றார் சகாயம்மாள்.

மேடையில் தாளாளரும் தலைமையாசிரியையும் பஞ்சநதமும் அவரவர் நாற்காலியிலேயே இருந்தார்கள். சான்ட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அம்மாவைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாள்.